ஆர்லன் ஹாகனின் ஈயம்

ஆர்லன் ஹாகன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதத்தில்தான் எனக்கு முதன்முதலாக இடுப்பு பிடித்துக்கொண்டது. இது தற்செயல் என்று மருத்துவர் சொன்னார். அவர் ஆர்லனின் பெட்டிகளைத் தூக்கியதில்லை.

என் பெயர் ஜூன், பென்னர் கிரீக் தபால் நிலையத்தில் கவுண்டரில் நிற்பவள். ஊரில் யார் வீட்டுக்கு என்ன வருகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி, அதை முடிந்தவரை கடைப்பிடித்தும் வந்திருக்கிறேன். ஆர்லன் விஷயத்தில் மட்டும் முடியவில்லை. எவ்வளவு கனமிருந்தாலும் ஒரே கட்டணம் என்று எங்களிடம் ஒரு பெட்டி உண்டு. வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஸ்வெட்டரும் ஜாமும் அனுப்புவார்கள் என்று நினைத்து யாரோ நல்ல மனதோடு ஏற்படுத்தியது. அந்தப் பெட்டியில் ஈயம் அனுப்புகிற கூட்டம் ஒன்று நாடு முழுக்க இருக்கிறது என்பது அந்த நல்லவருக்குத் தெரிந்திருக்காது. ரொட்டி அளவுதான் பெட்டி. ஒரு கையால் எடுக்கப் போனால் பெட்டி அசையாது, நாம்தான் அதன் மேல் கவிழ்வோம்.

"என்ன ஆர்லன் இதுல, யாரோட கல்லறைக்கல்லு?" என்று முதல் பெட்டி வந்த அன்று கேட்டேன்.

"அச்செழுத்து ஈயம், ஜூன்," என்றார், பிறந்த குழந்தையைக் காட்டுவது போல் பெட்டியைத் தடவிக்கொண்டு. "ஒஹையோவுல ஒரு பழைய அச்சாபீஸ மூடிட்டாங்க. கடைசி நாப்பது பவுண்டு. நான் முந்திக்கிட்டேன்."

"படிக்கவா?"

"சுட."

ஆர்லனைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்ல யாருக்கும் மனசு வராது. முப்பத்தொரு வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு வீட்டுத் தபால்பெட்டியைக்கூட இடித்துச் சாய்த்ததில்லை. எங்கள் மொன்டானா மாநிலத்தில் அதற்குச் சிலை வைக்கலாம். ஓய்வு பெற்றபோது தனக்குத் தானே ஒரு துப்பாக்கி வாங்கிக்கொண்டார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டா போடுகிற பழைய பாணி ரைஃபிள், கட்டைவிரல் பருமனுக்குக் குண்டு. திட்டம் எளிமையானது. வீட்டுப் பின்கொட்டகையில் ஈயத்தை உருக்கித் தானே குண்டு வார்ப்பது. இலையுதிர் காலத்தில் எல்க் மான் வேட்டைக்குப் போவது. இரண்டும் எங்கள் பக்கம் சாதாரணம். அதற்காக யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், எந்த ஈயம்?

வெறும் ஈயம் மெத்தென்று இருக்கும். சுடும்போது குழலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டே போகும், அப்புறம் நாள் முழுக்க உட்கார்ந்து சுரண்ட வேண்டும். ரொம்பக் கடினமாக இருந்தால் குழலில் நிறைந்து உட்காராது. மானின் எலும்பில் பட்டால் விரியாமல் நொறுங்கிப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு சரியான இடம். வெள்ளீயம் கொஞ்சம் சேர்த்தால் உருகிய உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். ஆண்டிமனி என்கிற உலோகத்தைச் சேர்த்தால் இறுகும். எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் கேள்வி. இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்று எல்லோரும் போல் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் அந்த வருடமே ஆர்லன் மான் சுட்டிருப்பார். விதி, அவர் கணினியில் இணையத்தைத் திறந்தார்.

அங்கே அவரைப் போலவே பல்லாயிரம் ஆண்கள் அதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்கள். இருபதுக்கு ஒன்று என்று ஒரு கட்சி. முப்பதுக்கு ஒன்று என்று ஒரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டார்கள். ஆண்டிமனியே ஆகாது என்று ஒரு தீவிரவாதக் குழு. எல்லாம் சரி, ஆனால் குண்டைச் சூட்டோடு தண்ணீரில் போடாதவன் மனிதனா என்று கேட்கிற இன்னொரு குழு. ஆர்லன் காலையில் ஒரு கட்சியில் சேர்ந்து மாலையில் கட்சி மாறினார். ஒவ்வொரு மாறுதலுக்கும் ஒரு பெட்டி வந்தது.

ஒரு முறை மட்டும் இறகு போல் ஒரு பெட்டி வந்தது. ஓவியர்கள் வாங்கும் கடையிலிருந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடினத்தில் பதினான்கு பென்சில்கள். ஆர்லன் படம் வரையக் கற்றுக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நான் இரண்டே இரண்டு பேரிடம்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறு சர்ச்சில் பெண்கள் குழு அவரைச் சூழ்ந்துகொண்டு, கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பெத்லகேம் திரைச்சீலை வரைந்து தர வேண்டும் என்றது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பென்சில் முனையால் ஈயக்கட்டியைத் தள்ளிப் பார்ப்பாராம். முனை வழுக்கினால் உலோகம் கடினம், கீறினால் மெது. எந்தப் பென்சில் முதலில் கீறுகிறதோ அதுதான் அந்தக் கட்டியின் கடினம். இதை அவர் பெண்கள் குழுவுக்கு இருபது நிமிடம் விளக்கினார். அதன் பிறகு அவர்கள் அவரிடம் எதுவும் கேட்பதில்லை.

அவர் மனைவி மேவிஸ் என் தோழி. ஒவ்வொரு அக்டோபரும் இரும்புக்கடைக்குப் போய்க் கடைத் தோட்டா ஒரு பெட்டி வாங்கி வருவாள். நவம்பரில் அவளும் ஆர்லனும் மலைக்குப் போவார்கள். மேவிஸ் ஒரு மான் சுடுவாள். ஆர்லன் அதைச் சுமந்து வருவார்.

"நீயும் ஒண்ணு சுடேன்," என்பாள் மேவிஸ்.

"கலவை இன்னும் சரியாகல."

"மானுக்கு எதுல சுட்டா என்ன? அதுக்கென்ன ருசியா தெரியப்போகுது?"

"உனக்குப் புரியாது மேவிஸ். குண்டுங்கறது ஒரு பொறுப்பு."

இப்படிப் பதினோரு நவம்பர் போனது. அலமாரியிலிருந்து கல்யாணப் பரிசாக வந்த இரண்டு வெள்ளீயக் குவளைகள் காணாமல் போனபோதுதான் மேவிஸ் முதன்முதலாகக் குரலை உயர்த்தினாள்.

"எங்க சித்தி குடுத்த குவளை எங்க?"

"அதுல தொண்ணூத்திரண்டு சதவீதம் வெள்ளீயம், மேவிஸ்."

"அதுல நூறு சதவீதம் எங்க சித்தி!"

ஊரிலேயே ஆர்லனின் பேச்சைக் கடைசிவரை கேட்கிற ஒரே ஆள் டயர் கடை ராய்ஸ் பிக்கெட். அவனும் குண்டு வார்ப்பவன்தான். கார்ச் சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டுகிற சின்ன ஈயத்துண்டுகள் அவன் கடையில் வாளி வாளியாகச் சேரும். இப்போதெல்லாம் அவற்றில் பாதி இரும்பு, மீதியில் பாதி துத்தநாகம். ராய்ஸ் ஒவ்வொன்றையும் கட்டிங் பிளேயரால் ஒரு நெருக்கு நெருக்கிப் பார்ப்பான். பல் பதிந்தால் ஈயம், வாளிக்குள். பதியாவிட்டால் குப்பை. அவ்வளவுதான் அவன் விஞ்ஞானம். துத்தநாகம் மட்டும் கலந்துவிட்டால் ஈயம் கெட்டது கெட்டதுதான். அச்சில் ஊற்றினால் நிரம்பாது, கூழாகிவிடும். இது குண்டு வார்க்கிற எவனுக்கும் தெரிந்த முதல் பாடம். ஆர்லன் இதைப் பற்றிக் கணினியில் நான்கு பக்கக் கட்டுரையே எழுதியிருந்தார்.

போன வருடத்துக்கு முந்தின குளிர்காலத்தில், சர்ச் மாடத்தில் தண்ணீர் ஒழுகுகிறது என்று ஆர்லனை ஏணியோடு மேலே அனுப்பினார்கள். அங்கேதான் குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் எங்கள் ஆர்கன் இருக்கிறது, இருந்தது. முன்னால் தங்கப்பூச்சுப் பூசிய இருபத்து மூன்று பெரிய குழாய்கள், ஆள் உயரத்துக்கு மேலே. அவற்றுக்குப் பின்னால் மரக்கதவு போட்ட அறைக்குள் யார் கண்ணிலும் படாத நூற்றுக்கணக்கான சின்னக் குழாய்கள். ஒழுகல் அந்த அறைக்குள் இருந்ததால் ஆர்லன் கதவைத் திறந்தார். சின்னக் குழாய்களின் மேல் மீன்தோல் போல் புள்ளி புள்ளியாக மினுங்குவதைக் கண்டார். அது என்ன உலோகம் என்று அவர் படித்திருந்தார். பாதி ஈயம், பாதி வெள்ளீயம். கொட்டகையில் இருப்பதோடு அதைக் கலந்தால், இனி உயிரோடிருக்கிற வரைக்கும் ஒரே கலவை, ஒரே கடினம், ஒரே குண்டு.

சட்டைப்பையில் பென்சில்கள் எப்போதும் இருக்கும். அவர் ஒரு குழாயைக் கீறிக்கொண்டிருக்கும்போது பின்னால் கைத்தடிச் சத்தம் கேட்டது. ஆர்டிஸ் லிண்ட்வால். எண்பது வயது, ஐம்பத்தொரு வருடமாக அந்த ஆர்கனை வாசிப்பவர். ஆர்லனின் கல்யாணத்துக்கு வாசித்ததும் அவர்தான்.

"உள்ள என்ன பண்றே ஆர்லன்?"

"எலி இருக்கான்னு பாத்தேன், மிசஸ் லிண்ட்வால்."

"பென்சிலோடயா?"

"எத்தனைன்னு குறிச்சுக்கலாம்னு..."

ஆர்டிஸ் கதவைச் சாத்திவிட்டு, ஆர்லன் தனக்கு முன்னால் இறங்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் சபையின் வருடாந்திரக் கூட்டம். எங்கள் லூத்தரன் சபையில் ஒரு முடிவெடுக்க மூன்று கூட்டம் வேண்டும். ஒன்று பேசுவதற்கு, ஒன்று ஒத்திவைப்பதற்கு, ஒன்று காபி இயந்திரம் பழுதானதைப் பற்றிப் பேசுவதற்கு. ஆர்கன் விவகாரம் இந்த வட்டத்தில் ஒன்பது வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆர்கன் மழைநாளில் முனகும். நடுவில் ஒரு சுரம் சிக்கிக்கொண்டு பிரசங்கம் முடியும்வரை ஊதும். பழுதுபார்க்கச் சபைக்கு வசதி போதாது, தூக்கிப்போட மனசு போதாது. அன்றும் பாஸ்டர் ஜோலின் அடுத்த பொருளுக்குப் போக வாயெடுத்தபோது, பின் வரிசையிலிருந்து ஆர்லன் எழுந்தார். நான் சபைக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் கூட்டத்தில் எழுந்து நின்றது ஒரே முறை, நாற்காலி உடைந்தபோது.

"நம்ம ஆர்கன் களைச்சுப் போச்சு, பாஸ்டர்," என்றார். "நூறு வருஷம் ஊழியம் பண்ணிருக்கு. அதுக்கும் ஓய்வு வேணாமா? இப்பல்லாம் கரண்டுல ஓடற ஆர்கன் வந்திருக்கு. சுத்தமான சத்தம். அதோட..." இங்கே அவர் குரல் கம்மியது. "நம்ம மிசஸ் லிண்ட்வாலோட முழங்கால நெனச்சுப் பாருங்க. அம்பத்தொரு வருஷமா அந்தப் படி ஏறுறாங்க. புதுசு வந்தா கீழயே ஒக்காந்து வாசிக்கலாம்."

இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் ஒருத்தி, ஒப்புக்கொள்கிறேன்.

"என் முழங்காலப் பத்தி இவனுக்கு எப்பலேர்ந்து கவலை?" என்று ஆர்டிஸ் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. முப்பத்துநான்குக்கு ஐந்து.

"அப்ப பழைய குழாயெல்லாம் என்ன பண்றது?" என்றார் பாஸ்டர்.

"அது சபைக்கு எதுக்கு பாரம்? நானே கழட்டி நானே எடுத்துட்டுப் போயிடறேன். கூலியெல்லாம் வேணாம்."

பாஸ்டர் ஜோலின் இளம்பெண், எங்களிடம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நெகிழ்ந்துபோய் அங்கேயே ஒரு ஜெபம் சொன்னார். தன்னை வெறுத்து மற்றவர்களுக்காகப் பாரம் சுமக்கும் சகோதரனுக்காக நன்றி செலுத்தினார். ஆர்லன் தலை குனிந்திருந்தார். மேவிஸ் அவர் விலாவில் முழங்கையால் இடித்ததை நான் பார்த்தேன்.

மே மாதம் ஆர்லனும் ராய்ஸும் கழற்றினார்கள். நாலு நாள் வேலை. கடைசி நாள் ஆர்டிஸ் வந்து நின்றார்.

"அறைக்குள்ள இருந்த சின்னக் குழாயெல்லாம் எனக்கு வேணும் ஆர்லன்."

ஆர்லனின் முகம் வியர்த்தது. பின்னர் ராய்ஸ் சொன்னான், அந்த நிமிடத்தில் மனுஷன் உதடு அசைவதைப் பார்த்தேன், எடை போட்டுக்கொண்டிருந்தார் என்று. ஒரு பெரிய குழாய் ஐம்பது சின்னக் குழாய்களின் கனம். பெரியதெல்லாம் தன்னிடம் இருந்தால் போதும், ஒரே ஆர்கன், ஒரே உலோகம்தானே.

"தாராளமா எடுத்துக்குங்க, மிசஸ் லிண்ட்வால். ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும்."

"நிச்சயமா உனக்குப் பெருசுதான் வேணுமா?"

"பெருசு போதும் எனக்கு."

"ரொம்பப் பெரிய மனசு உனக்கு," என்றார் ஆர்டிஸ். ஆர்லனே அத்தனை சின்னக் குழாய்களையும் கம்பளியில் சுற்றி, கீறல் படாமல், மூன்று நடை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கினார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கொட்டகைக்கு வெளியே வைத்து உருக்கினார். எல்லாவற்றையும். பெரிய கேஸ் சிலிண்டர் ஒன்றைப் பாதியாக அறுத்துப் பானையாக்கி வைத்திருந்தார். அதில் பதினோரு வருடச் சேமிப்பும் இறங்கியது. ஒஹையோ அச்செழுத்து, எக்ஸ்ரே அறைச் சுவர்த்தகடு, பழைய தண்ணீர்க்குழாய், கூரைத்தகடு, ராய்ஸ் கடைச் சக்கரத்துண்டு, மேவிஸின் சித்தி. நானூறு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. என் இடுப்பை முறித்தது எப்படியிருக்கும் என்று பார்க்க நானும் போயிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கண்ணாடி போல் வானம் தெரிந்தது அதில்.

ஆர்லன் பெரிய குழாய்களைத் துண்டு துண்டாக அறுத்து அடுக்கியிருந்தார். ராய்ஸ் பிளேயரை எடுத்தான்.

"ஒரு நெருக்கு நெருக்கிப் பாத்துடவா?"

"யோவ், சர்ச் ஆர்கன்யா இது. சக்கரத்துண்டுன்னு நெனச்சியா?" ஆர்லனுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "நானே பென்சில்ல பாத்தாச்சு."

"இதையா பாத்தே?"

"இதோட தம்பிய."

முதல் துண்டுகள் விழுந்தன. மூழ்கவில்லை, உருகவில்லை. பால்மேல் ஆடை போல் மிதந்தன.

"மிதக்குதே ஆர்லன். வெள்ளீயம்னா போட்டதும் கரைஞ்சிருக்கணுமே."

"நூறு வருஷ உலோகம். கொஞ்சம் பிடிவாதம் இருக்கும்," என்று சொல்லி ஆர்லன் தீயைக் கூட்டினார்.

துத்தநாகத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிய மனிதர். ஈயத்தின் மேல் மிதப்பது என்ன, தீயைக் கூட்டினால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். ஆனால் ஒரு பொருளுக்காகச் சபையில் எழுந்து நின்று கண்ணீர் வரவழைத்த பிறகு, அது வேறு பொருளாக இருக்கக்கூடும் என்று நினைக்க எவராலும் முடியாது. கால் மணி நேரத்தில் துண்டுகள் கரைந்தன. "பாத்தியா?" என்றார் ராய்ஸிடம். மிச்சத்தையும் போட்டார். கரண்டியால் கிண்டினார். கிண்டக் கிண்டப் பானையில் வானம் மறைந்தது. ஓட்ஸ் கஞ்சி போல் கட்டி கட்டியாக ஏதோ திரண்டது. ஒரு கரண்டி மொண்டு அச்சில் ஊற்றித் தட்டினார். விழுந்தது குண்டு இல்லை. பாதி முகம் இல்லாத, சுருக்கம் விழுந்த ஏதோ ஒன்று.

ராய்ஸ் தன் வண்டிக்குப் போய்க் கழிப்பறை கழுவும் அமிலக் குப்பியைக் கொண்டுவந்தான். பானைக்கு வெளியே சிதறிக் கிடந்த ஒரு துண்டில் தங்கப்பூச்சைச் சுரண்டிவிட்டு ஒரு சொட்டு விட்டான். சுர்ரென்று நுரைத்தது.

"துத்தநாகம்," என்றான்.

ஆர்லன் தீயை அணைத்தார். கவிழ்த்துப் போட்டிருந்த வாளியில் உட்கார்ந்தார். அழவில்லை, திட்டவில்லை, கையுறையைக்கூடக் கழற்றவில்லை. பனிப்புயலில் மூன்று நாள் தொடர்ந்து வண்டி ஓட்டிவிட்டு வரும்போதுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ராய்ஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேவிஸ் சாண்ட்விச்சும் காபியும் கொண்டுவந்தாள். பானையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இன்னொரு வாளியைக் கவிழ்த்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாமே போச்சா?"

"எல்லாமே."

"சித்தியும் அதுலதான் இருக்காங்களா?"

"ஆமா."

மேவிஸுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, தோள் குலுங்கியது. ஆர்லன் அவளை அடிபட்ட மாதிரி பார்த்தார். அப்புறம் அவருக்கும் வந்துவிட்டது. ராய்ஸும் நானும் அங்கே நிற்பது அநாவசியம் என்று தோன்றியதால் கிளம்பினோம். சாண்ட்விச்சில் ஒன்றை ராய்ஸ் எடுத்துக்கொண்டான்.

இதற்குள் சர்ச்சில் மின்சார ஆர்கன் வந்து இறங்கியிருந்தது. அதில் இருநூறு பொத்தான்கள். வயதான ஐனார் ஓஸ்பியின் அடக்க ஆராதனையில், சவப்பெட்டியைத் தூக்குகிற நேரத்தில், ஆர்டிஸின் கை எங்கேயோ பட்டு, கீர்த்தனை ரும்பா நடனத் தாளத்தில் கிளம்பியது. பெட்டியைச் சுமந்த ஆறு பேரும் தாளத்துக்குத் தப்பாமல் நடந்தார்கள். ஐனார் இருந்திருந்தால் ரசித்திருப்பார் என்று அவர் மகள் சொன்னாள். மற்றவர்கள் ரசிக்கவில்லை. அதைவிட அதிகமாக எல்லோரையும் உறுத்தியது மாடத்துச் சுவர். குழாய்கள் இருந்த இடத்தில் கறை படிந்த வெற்றுப் பலகை, பல் விழுந்த வாய் மாதிரி. பாஸ்டர் ஒரு கூட்டம் கூட்டினார். சத்தம் வராவிட்டாலும் பரவாயில்லை, அழகுக்கு முன்வரிசைக் குழாய்களை மட்டும் திரும்ப நிறுத்தலாம் என்று ஒருமனதாக முடிவாயிற்று. ஒரே கூட்டத்தில்! எல்லோரும் ஆர்லனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எழுந்தார்.

"உருக்கிட்டேன்," என்றார்.

"எதுக்கு?" என்றார் பாஸ்டர்.

"குண்டு செய்ய."

பாஸ்டர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப என் முழங்கால்?" என்றார் ஆர்டிஸ்.

ஆர்லன் தரையைப் பார்த்தார். "அது... அது நெசமாவும் நெனச்சதுதான், மிசஸ் லிண்ட்வால். ஆனா ரெண்டாவதா."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. சிரிக்காதவர் பாஸ்டர் மட்டும்தான், தான் சொன்ன ஜெபத்தை நினைத்துக்கொண்டிருப்பார். அடங்கியதும் ஆர்லன் ஆர்டிஸிடம் கேட்டார்: "முன்னால நின்னது துத்தநாகம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அம்பது வருஷமாத் தெரியும். சுதி பாக்க வர்ற ஆள் மொத நாளே சொல்லிட்டான். முன்னாடி இருக்கறது வெறும் பகட்டு, பொக்கிஷம் உள்ளதான் இருக்குன்னு."

"சொல்லிருக்கலாமே நீங்க!"

"நீ என்கிட்ட எலியப் பத்தித்தான பேசினே?"

சின்னக் குழாய்களை ஆர்டிஸ் அதற்குள் ஸ்போகேன் நகரத்திலிருந்து வந்த ஆர்கன் செய்பவர் ஒருவருக்கு விற்றிருந்தார். அவர் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினாராம். காப்பீடு கொடுக்காத மிச்சத்துக்கு அந்தப் பணத்தைப் போட்டு ஆர்டிஸ் இரண்டு முழங்கால் மூட்டையும் அறுவை சிகிச்சையில் மாற்றிக்கொண்டார். இப்போது கைத்தடி இல்லை. மாடத்துப் படியை என்னைவிட வேகமாக ஏறுவார், அங்கே வாசிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

சுவரை அப்படியே விடக்கூடாது என்று சபை ஆர்லனுக்குத் தண்டனை விதித்தது. அவர் கூரைத் தண்ணீர் வடிகிற தகரக் குழாய்களை வாங்கிவந்து, அறுத்து, வாய் வெட்டி, தங்க வண்ணம் பூசி, இருபத்து மூன்றையும் வரிசையாக நிறுத்தினார். மூன்று வாரத்தில் முடித்துவிட்டார். என்ன தகரம், எத்தனை சதவீதம் என்று யாரையும் கேட்கவில்லை. கோடையில் அந்த வழியாகப் போகிறவர்கள் உள்ளே வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய காலத்து வேலைப்பாடு இப்போதெல்லாம் எங்கே வருகிறது என்று ஒரு கணவனும் மனைவியும் என்னிடமே சொன்னார்கள். ஆமாம் என்றேன்.

அந்த நவம்பரில் ஆர்லனிடம் ஒரு அவுன்ஸ் நல்ல ஈயம் இல்லை. ராய்ஸ் ஒரு பழைய காபி டப்பாவில் முப்பது குண்டு போட்டுக் கொடுத்தான்.

"எதுல செஞ்சது?"

"வாளியில இருந்ததுல."

"அதான், என்ன கலவை?"

"வாளிக் கலவை. வேணுமா, வேணாமா?"

வேட்டைக்குப் போன இரண்டாம் நாள், ஓடைக்கு இந்தப் பக்கம் தொண்ணூறு அடி தூரத்தில் ஒரு பெரிய ஆண் எல்க் வந்து நின்றது. மேவிஸ் துப்பாக்கியைத் தொடவில்லை. ஆர்லன் சுட்டார். நாலு எட்டு வைத்து விழுந்தது. பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார் என்று மேவிஸ் சொன்னாள். அவருக்குச் சந்தோஷமாயிருக்கும் என்று நினைத்தாளாம். கடைசியில் நிமிர்ந்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டிருக்கிறார். "இவ்வளவேதான்" என்றிருக்கிறாள் அவள். அதன் பிறகு ஒரு மணி நேரம் குளிரில் இறைச்சிக்குள் கைவிட்டுக் குண்டைத் தேடி எடுத்தார். அழகாக, பூ மாதிரி விரிந்திருந்தது.

சர்ச்சின் நவம்பர் விருந்துக்கு அந்த மான் இறைச்சிதான். ஆர்லன் பூ மாதிரி விரிந்த குண்டின் படத்தைக் கணினிக் கூட்டத்துக்கும் போட்டிருந்தார். என்ன உலோகம் என்று கேட்டவர்களுக்கு, 'வாளி' என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதினாராம். இருநூற்றுப் பதினாறு மறுமொழிகள் வந்தன. இரும்பு வாளியா, பிளாஸ்டிக் வாளியா என்பதில் இரண்டு கட்சி ஆகிவிட்டார்கள்.

கெட்டுப்போன நானூறு பவுண்டை அவர் கேக் தட்டுகளில் ஊற்றிக் கட்டிகளாக்கி, தன் வண்டியின் பின்தட்டில் அடுக்கியிருக்கிறார். அந்தக் கனத்துக்கு வண்டி பனியில் வழுக்குவதேயில்லை. போன டிசம்பரில் இரண்டடி பனி கொட்டிய காலையில், முன்னால் பனித்தகடு மாட்டிக்கொண்டு எங்கள் தெரு முழுக்கத் தள்ளிக்கொடுத்தார். தபால் நிலைய வாசலைச் சுத்தம் செய்துவிட்டு இறங்கி வந்தவரிடம், காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். இன்னும் மூன்று வீடு பாக்கி, மிசஸ் லிண்ட்வால் வீட்டு வாசலை முதலில் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று சொல்லி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.